வாடகை வீட்டில் உறவினர்: ஈகையா, இரவலா?

இல்லறத்தார்க்கு உரிய கடமைகளுள் விருந்தோம்பல் முதன்மையானது என்பதில் நம்முள் எவருக்கும் ஐயமில்லை. வந்தவர்க்கு இலை போடுவதும் தங்குவார்க்குப் பாய் விரிப்பதும் நம் இல்லங்களில் சொல்லிக் கொடுத்து வருவன அல்ல. பிள்ளைகள் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். ஆனால் அந்த இலையை இடும் அடுக்களையும் அந்தப் பாயை விரிக்கும் தரையும் நமக்கு உரியவை அல்லாதபோது நிலைமை என்ன? மாதந்தோறும் வாடகை கொடுத்துப் பிறர் வீட்டில் குடியிருக்கும் ஒருவன், தன் தமக்கையையோ தாய்மாமனையோ தம்பி மகனையோ நாலு நாள் விருந்தாக அன்றி, நிலையாகவே தன்னுடன் வைத்துக்கொள்ள முற்படுகிறான். அவன் செய்வது ஈகையா? அன்றிப் பிறர் பொருளை இரவல் வாங்கி இன்னொருவர்க்கு வழங்குவதா?

கேள்வி சிறியது போலத் தோன்றும். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் இதனை நாள்தோறும் ஏதோ ஒரு வகையில் தீர்த்துக்கொண்டுதான் வாழ்கின்றன. தீர்க்கும் விதம்தான் ஆராயத்தக்கது. பெரும்பாலும் உறவினர் முதலில் வந்துவிடுகிறார். வீட்டு உரிமையாளருக்குப் பின்னர் தெரியவருகிறது. இல்லாளின் கருத்தை யாரும் கேட்பதே இல்லை. இரக்கம் வென்றது என்று எண்ணி அக்குடும்பத் தலைவன் மனநிறைவு கொள்கிறான். அந்த மனநிறைவுக்கு அவன் முற்றும் உரியவன்தானா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் தானத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது இரண்டு கூறுகளை வைக்கிறது. பிறர் நலம் கருதுதல் ஒன்று. தன்னுடைய பொருளை விட்டுக்கொடுத்தல் மற்றொன்று. முதற் கூற்றை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதில் உள்ள ‘தன்னுடைய’ என்னும் சொல்லை விரைந்து கடந்துவிடுகிறோம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றோடு உறையுளையும் கொடைக்குரிய பொருளாக எண்ணுகிறார். ஆகவே தங்க இடம் தருதல் நம் அறநூல்கள் அறியாத ஒன்றன்று. அங்கே கூறப்படுவது துறவோர்க்குச் செய்யும் தொண்டு; உறவினரோ துறவியும் அல்லர், வழியில் கண்ட ஏழையும் அல்லர். அவர்க்கு நாம் செய்வது கொடைக்கும் கடனுக்கும் இடைப்பட்ட ஒன்று. எனினும் ‘தன்னுடையது’ என்னும் நிபந்தனை இங்கும் நம்மை விட்டுவிடுவதில்லை.

நாஞ்சில் நாட்டார்க்கு இக்கேள்வி புதிதன்று என்பேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களை உள்ளடக்கிய இந்நிலப்பகுதியில், வேளாளர் குடும்பங்களிடையே மருமக்கள் வழித் தாயம் நீண்ட காலம் நிலவியது. குடும்பச் சொத்தைக் காரணவர் ஆண்டார். ஆனால் அது அவருடையது அன்று. அவருக்குப் பின் அது அவருடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அவருடைய சொந்த மனைவியும் மக்களும் அவ்வீட்டில் வாழ்ந்தனர், உண்டனர், உழைத்தனர். வீட்டின்மீது உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. உகந்துடைமை, நங்குடைமை என்னும் பெயர்களில் ஏதோ ஒரு சிறு பங்கோ பிழைப்பூதியமோ கிடைத்தால் உண்டு. காரணவர் கண்ணை மூடிய பின்னர், நேற்றுவரை அடுக்களையை ஆண்ட பெண் அதே வீட்டில் வேண்டாத விருந்தாளி ஆனாள்.

தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இம்முறையின் கொடுமையை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் எள்ளலும் கண்ணீருமாகப் பாடினார். கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி என்பது கருதத்தக்கது. வழக்கறிஞரோ சீர்திருத்தத் தலைவரோ பேசவில்லை. பிறர் வீட்டில் அடுப்பெரித்த பெண் பேசுகிறாள். பின்னர்த் திருவிதாங்கூரில் சேது லட்சுமிபாயி ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த காலத்தில், 1926-இல், கொல்லம் ஆண்டு 1101-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. பாகப் பிரிவினைக்கும் மக்கள் வழித் தாயத்துக்கும் வழி திறந்தது.

சட்டம் மாறிற்று. அது விட்டுச்சென்ற இரண்டு உண்மைகள் மாறவில்லை. வீட்டை ஆள்வது வேறு, வீடு தனதாயிருப்பது வேறு என்பது ஒன்று. காரணவர் தம் வீட்டில் யாரை வைத்துக்கொண்டாலும் அச்செலவு மருமக்களின் பங்கிலிருந்தே சென்றது. அதனாலேயே மருமக்கள் முணுமுணுத்தனர். ஒரு வீட்டிற்குள் வந்து சேர்ந்தவரின் நிலை எவ்வளவு நொய்யது என்பது இரண்டாவது. தாம் அமர்ந்த இடம் தம்முடையதன்று என்பதை அவருக்கு எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. குவளையை வைக்கும் ஓசையே சொல்லிவிடும்.

பழைய நாஞ்சில் வீட்டின் அமைப்பும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. தெருவை ஒட்டிப் படிப்புரை, அதன்பின் தாழ்வாரம், நடுவே முற்றம், உள்ளே அறைகள், பின்னால் அடுக்களை, அதற்கும் பின் புறவாசலும் கிணறும். வருபவர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதை வீடே வகுத்துக் கொடுத்தது. வழிப்போக்கன் படிப்புரையில் படுத்தான். தூரத்து உறவினர் தாழ்வாரம்வரை வந்தார். உடன்பிறந்தவள் நேரே அடுக்களைக்குப் போனாள். பத்து நாள் தங்கினாலும் வீட்டாரின் தனிமைக்கு ஊறில்லாத ஏற்பாடு அது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இத்தகைய படிகள் இல்லை. ஒரே கதவு, அதைத் திறந்தால் வருபவர் வீட்டின் நடுவில் நிற்கிறார். ஒன்று அவர் வெளியே இருக்கிறார், அல்லது முற்றும் உள்ளே இருக்கிறார். படிப்புரை இருந்த காலத்து விருந்தோம்பலைப் படிப்புரை இல்லாத வீட்டில் அப்படியே நடத்த முயல்வதே நம்முடைய பல பூசல்களுக்குக் காரணம்.

இடநெருக்கடியும் சிறிதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வாழ்ந்தனர். நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்பகுதிகள் என வகுக்கப்பட்ட இடங்களில் இருந்தனர். தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டமும் இதுவே. எனவே கல்வியின் பொருட்டு இடம்பெயர்வோர் மிகுதி. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலோ தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியிலோ இடம் கிடைத்த தம்பி மகன், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாரந்தோறும் வரவேண்டிய மாமா, கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் தங்கை — இவர்களுக்கெல்லாம் நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் உறவினனே முதல் முகவரி. அவன் இல்லாவிட்டால் விடுதிக் கட்டணம், அறை வாடகை, அல்லது எதுவுமில்லாமை.

இனி வாடகைக்காரனுடையது எது என்று பார்ப்போம். சுவர் அவனுடையதன்று, கூரை அவனுடையதன்று. அச்சுவர்களுக்குள் குறித்த காலம் தன் குடும்பத்தோடு அமைதியாக வாழும் உரிமையே அவன் விலைகொடுத்துப் பெற்றது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடப்பிலிருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமையாளரின் எழுத்து வழியான இசைவின்றி வீட்டையோ அதன் பகுதியையோ உள்வாடகைக்கு விடுவதை வெளியேற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகையை மிகக் கூடாது என்றெல்லாம் வகுத்த அச்சட்டமும், உரிமையாளரின் சம்மதமில்லா உள்வாடகையை ஏற்பதில்லை.

ஆனால் உறவினரைத் தன்னுடன் வைத்துக்கொள்வது உள்வாடகை ஆகுமா? ஆகாது என்பதே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொண்ட முடிவு. வாடகைக்காரன் தன் பிடியை விட்டுவிட்டு, வேறொருவரிடம் இடத்தை முழுதாக ஒப்படைத்து, அதற்கு ஏதேனும் பயன் பெற்றால்தான் அது உள்வாடகை. அவனும் அங்கேயே வாழ்ந்து, உறவினரும் உடன் வாழ்ந்தால் அவ்வாறு கொள்வதற்கில்லை. 1998-இல் பாரத் சேல்ஸ் நிறுவனத்துக்கும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சுட்டியது: உள்வாடகை என்பது உரிமையாளரின் முதுகுக்குப் பின்னால் மறைவாக நடப்பது, ஆதலால் நேர்ச்சான்று கிடைப்பது அரிது, சூழ்நிலையைக் கொண்டே உய்த்துணர வேண்டும். வணிக இடத்தைப் பற்றிய வழக்கு அது. எனினும் மறைவு என்னும் அக்கூறு நம் கேள்விக்குள் நேரே வந்து விழுகிறது.

சட்டம் இடங்கொடுப்பதால் அறமும் இடங்கொடுத்துவிட்டதாகக் கொள்ளலாமா? ஒப்பந்தத்தில் ‘கணவன், மனைவி, இரு குழந்தைகள்’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன், ஐந்தாவதாக ஒருவரைக் கொணர்ந்து அதைப் பற்றி வாய் திறவாதிருந்தால், நீதிமன்றம் அவனை வெளியேற்றாமல் இருக்கலாம். அவன் சொன்ன சொல் மட்டும் பொய்த்துப்போகிறது. இதில் ஒரு கொடுமை, பெரும்பாலும் அப்பொய்யைச் சுமப்பது குழந்தை. மாடிப்படியில் உரிமையாளரைக் கண்டால், மாமா நேற்றுத்தான் வந்தார், நாளை போய்விடுவார் என்று சொல்லும்படி பழக்கிவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு விருந்தோம்பலையும் பொய்யையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் வீட்டை நாம் இரக்கமுள்ள வீடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கள்ளாமை என்னும் விரதத்தை நம்மிற் பலர் பிறர் பெட்டியில் கைவையாமை என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். உறைவிடத்தைப் பற்றி அது கூறுவது ஆழமானது. சுவேதாம்பர மரபினர் போற்றும் ஆசாராங்கத்தின் இரண்டாம் தொகுதி, துறவி ஓரிடத்தில் தங்குமுன் அதன் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ அனுமதி கேட்க வேண்டும் என்கிறது; அவர் இசைந்த இடத்தின் அளவுக்கும் காலத்தின் அளவுக்கும் உட்பட்டே தங்க வேண்டும் என்கிறது. உடைமையே இல்லாதவர்க்கும் இந்தக் கட்டுப்பாடு. திகம்பர மரபில் ஓதப்படும் தத்துவார்த்த சூத்திரப் பாடமோ, இதே விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள், தான் தங்கும் இடத்தில் பிறர் தங்குவதைத் தடுக்காமையையும் ஒன்றாக வைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் வியப்புத் தோன்றும். இடத்துக்குரியவரைக் கேளாமல் தங்குவதும் கள்ளாமைக்கு மாறு. தனக்குக் கிடைத்த இடத்தை இறுகப் பற்றிக்கொண்டு பிறரைத் தடுப்பதும் அதே விரதத்துக்கு மாறு. வாடகை வீட்டில் குடியிருப்பவன் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறான். உரிமையாளரின் பக்கம் அவன் கேட்க வேண்டியவன். உறவினரின் பக்கம் தடுக்கக் கூடாதவன்.

உணவைப் பற்றிய நிபந்தனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். புலால் சமைக்காதவர்க்கே வீடு என்று பலகை தொங்கவிடும் உரிமையாளர்கள் பலர். நம்மவர் வீடுகளிலும் அந்நிபந்தனை உண்டு. கடல் சூழ்ந்த இம்மாவட்டத்தில் மீன் அன்றாட உணவாக உள்ள குடும்பங்களே மிகுதி என்பதால், அந்நிபந்தனையை ஏற்றுக் குடிவந்தவனின் வீட்டுக்குப் பின்னர் வரும் உறவினர் அதை அறியாமலே மீறக்கூடும். வாக்குக் கொடுத்தவன் வேறு, மீறியவர் வேறு. ஒருவன் தந்த வாக்கு, கேளாத இன்னொருவரைத் தானாகக் கட்டாது. ஆனால் கேளாதவரை அழைத்து வந்தவனைக் கட்டும். வருமுன்னே சொல்லிவிடுவது உறவினர்க்குச் செய்யும் அவமதிப்பு எனச் சிலர் கருதுகின்றனர். வந்தபின் சட்டியை மூடச் சொல்வதே அதனினும் பெரிய அவமதிப்பு என்பது என் கருத்து.

உரிமையாளரைக் கேட்பதோடு பாதி வேலையே முடிகிறது. மற்றப் பாதியைப் பற்றி நம் ஏடுகளில் எழுதுவோர் குறைவு. வாடகைக்காரன் உறவினர்க்குத் தருவன எவை என்று எண்ணிப் பாருங்கள். இடம் தருகிறான், அதன் பெரும்பகுதி பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த மூலை. உணவு தருகிறான், அதைச் சமைப்பவள் அவன் மனைவி. நோயாளியாயின் பணிவிடை தருகிறான்; இரவில் எழுந்து வெந்நீர் வைப்பவள் அவளே. துணி துவைப்பதும், காலைத் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடம் நிரப்புவதும், வந்தவரின் மனம் கோணாமல் பேசுவதும் யார் செயல்? தன் சம்பளத்திலிருந்து அரிசி வாங்கியது ஒன்றே பெரும்பாலும் அவன் கொடை. மற்றவை யாவும் அவள் உழைப்பிலிருந்து எடுத்து அவன் வழங்கியவை. தன்னுடைய பொருளைக் கொடுத்தலே தானம் என்னும் இலக்கணத்தை இங்கே வைத்துப் பார்த்தால், புகழுக்குரியவர் இடம் மாறிவிடுகிறார். அவள் இசைந்து செய்தால் அது அவளுடைய தானம். இசையாமலோ கேட்கப்படாமலோ செய்தால், வீட்டு உரிமையாளரைக் கேளாமல் அவர் இடத்தை வழங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம்.

மருமக்கள் வழியில் மனைவிக்கு வீட்டில் உரிமை இல்லை என்று சட்டமே சொல்லிற்று. அதனைக் கொடுமை என்று பாடவும், ஒழிக்கவும் முடிந்தது. இன்று சட்டப்படி அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆயினும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார், இனி நம்மோடுதான் இருப்பார் என்று அவளிடம் ‘சொல்வது’ வழக்கமேயன்றிக் ‘கேட்பது’ வழக்கமில்லை. அந்த ஐந்தாம் மனைவியின் குரலுக்கு நூற்றாண்டு கடந்தும் வேலை இருக்கிறது. கேட்டால் அவள் மறுத்துவிடுவாள் என்ற அச்சமே கேளாமைக்குக் காரணம் என்பர். என் அறிவுக்கு எட்டியவரை, கேட்கப்பட்ட பெண்கள் மறுப்பது அரிது. மாறாக நிபந்தனைகள் சொல்வர். எந்த அறை, எத்தனை மாதம், மருத்துவமனைக்கு யார் உடன் செல்வது, அவருடைய மற்றப் பிள்ளைகளின் பங்கு என்ன — இவற்றை எல்லாம் கேட்பாள். இக்கேள்விகள் இரக்கமின்மை ஆகா. தருவது இன்னதென்று தெரிந்து தருகிறவள் கேட்பவை.

இனி உரிமையாளர் பக்கம். அவரை எப்போதும் கல்நெஞ்சராகவே காட்டுவது நம் கதைகளின் வழக்கம். அவருக்கும் காரணங்கள் உண்டு. நால்வருக்கு எனக் கணக்கிட்ட மேல்நிலைத் தொட்டியில் ஆறு பேர் தண்ணீர் எடுத்தால் மோட்டார் இருமுறை ஓடுகிறது. கழிவுநீர்த் தொட்டி முன்னதாகவே நிரம்புகிறது. மின்கட்டணமோ படிக்கட்டுப்போல் ஏறுவது. கூடுதல் செலவுக்கு ஏற்பச் சிறிது கூடுதல் தொகை கேட்பது முறையே. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து, மூப்பெய்திய ஒரு தாயின் வருகையை ஊதியமாக்கிக் கொள்வதை முறை என்று எவ்வாறு கூறுவது? வாடகைக்காரனின் வயதான பெற்றோரும் வாழ வகையற்ற உடன்பிறந்தாளும் அவன் குடும்பமே; அவர்களைத் தடுக்கும் உரிமையை வீட்டுச் சாவியோடு சேர்த்து அவர் வைத்திருக்கவில்லை. மிகுபொருள் விரும்பாமையை அளவிட்டுக்கொள்ளும் இல்லறத்தார், இரண்டாவது மூன்றாவது வீட்டின் உரிமையாளராய் இருக்கையில், அவ்வளவில் இதனையும் சேர்த்து எண்ண வேண்டாமா?

மூத்தோரைக் காக்கும் 2007-ஆம் ஆண்டு நடுவண் அரசின் சட்டம் இவ்விடத்தில் ஒரு நுட்பம் உடையது. பிள்ளையில்லா முதியவரைக் காக்கும் பொறுப்பை, அவருடைய சொத்தை வைத்திருக்கிற அல்லது அவருக்குப் பின் அதை அடையவிருக்கிற வாரிசு உறவினர்மீது அது வைக்கிறது. சொத்து செல்லும் வழியில் பொறுப்பும் செல்லும் என்னும் இக்கருத்தைப் பழைய நாஞ்சில் நாட்டு மருமகன் உடனே விளங்கிக்கொண்டிருப்பான். மாமனின் நிலத்தைப் பெறவிருந்தவன் அவன். இன்றைய வாடகைக்காரனின் நிலைமை வேறு. அவன் வீட்டுக்கு வந்து சேரும் மாமாவிடம் பெரும்பாலும் நிலமும் இல்லை, வீடும் இல்லை. இருந்த சிறிதும் மக்கள் கையில் என்றோ போயிற்று. சட்டம் அவனைச் சுட்டுவதில்லை. எதனையும் பெறப்போகாத ஒருவன், எதனையும் கொடுக்க இயலாத ஒருவரை, தனதல்லாத வீட்டில் வைத்துக் காக்கிறான். அறத்தை இதனினும் தூய வடிவில் காண்பது அரிது. ஆகவேதான் அது பொய்யாலும் பிறர் சுமையாலும் மாசுபடலாகாது என்று இத்துணை வற்புறுத்துகிறோம்.

வருகின்ற உறவினர்க்கும் ஒரு சிக்கல் உண்டு. மானமுள்ளவர் வெறுங்கையோடு உண்ண விரும்பார். ஓய்வூதியத்திலோ உதவித்தொகையிலோ ஒரு பகுதியைக் கொடுக்க முன்வருவார். அதை வாடகைப் பங்கு என்று வாங்கினால், உள்வாடகை என்னும் ஐயத்துக்கு இடமாகும். வேண்டாம் என்று மறுத்தால், அவர் நாள்தோறும் கடன்பட்டவராய்த் தலை குனிகிறார். பால் கணக்கு, மருந்துச் செலவு, பிள்ளைகளின் புத்தகம் என ஏதேனும் ஒரு செலவை அவருடையதாகவே விட்டுவிடும் குடும்பங்களை அறிவேன். அது நல்ல வழி. பணமில்லாதவர் மாலையில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், கீரை ஆய்கிறார், மாவு மில்லுக்குச் சென்று வருகிறார். இதைச் செய்ய விடாமல், நீங்கள் சும்மா இருங்கள் என்று அன்பாகத் தடுப்பவர்கள், அவரை மீண்டும் விருந்தாளி ஆக்கிவிடுகின்றனர். விருந்தாளிக்கு என்றேனும் புறப்பட்டாக வேண்டிய நாள் உண்டல்லவா?

காலம் குறித்தல் வேண்டுமா என்பர். வேண்டும் என்றே தோன்றுகிறது. மாணவனுக்குப் படிப்பு முடியும்வரை, நோயாளிக்கு மருத்துவம் முடியும்வரை, முதியவர்க்கு வாழ்நாள் முழுவதும். கடைசியானதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதில் தவறில்லை. இனி எங்கும் போகவேண்டியதில்லை என்று ஒருவர் வாயால் கேட்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் முதியவர்கள் உண்டு.

பேரிடர் இவ்விதிகளுக்குப் புறம்பானது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிக் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களைச் சிதைத்தபோதும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோதும், உறவினர் வீட்டுக் கதவைத் தட்டியவர்களை நிறுத்தி உரிமையாளரின் இசைவு கேட்டிருக்க முடியுமா? அன்று முதலில் கதவு திறக்கப்படும். செய்தி பின்னர் சொல்லப்படும். ஆனால் எல்லா வருகையையும் பேரிடராகக் கருதிக்கொள்ளும் மனப்பாங்கு நம்மிடம் உண்டு. தம்பி மகனின் கல்லூரிச் சேர்க்கை ஆறு மாதம் முன்பே தெரிந்த ஒன்று. அதைப் புயல்போல் கொண்டுவந்து வீட்டில் இறக்க வேண்டியதில்லை.

கடினமான நிலை ஒன்று எஞ்சுகிறது. முறைப்படி கேட்டாயிற்று, மனைவி இசைந்துவிட்டாள், உரிமையாளர் முடியாது என்கிறார். வந்து நிற்பவளோ கணவனை இழந்த தங்கை. வேறு போக்கிடம் இல்லாதவள். சட்டம் பெரும்பாலும் தன் பக்கம் என்பதை அறிந்த வாடகைக்காரன் வழக்காடலாம். மறைத்து வைத்துக்கொண்டு ஒப்பந்தம் முடியும் மாதம்வரை தள்ளலாம். தங்கையைத் திருப்பி அனுப்பலாம். இம்மூன்றையும் விட, அவர் முகத்துக்கு நேரே, தங்கை என்னோடுதான் இருப்பாள், வேறு வீடு கிடைக்கும்வரை இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டு வீடு தேடுவதே தக்கது என்பேன். செலவு மிகும், புதிய முன்பணம் புரட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளி தொலைவாகும். தன்னுடைய பொருளை விட்டுக்கொடுத்தல் என்ற இலக்கணம் அப்போதுதான் அவனளவில் முழுமையாகப் பொருந்துகிறது. ஏனெனில் அம்முன்பணமும் அத்தொலைவும் ஐயமின்றி அவனுடையவை.

அவ்வாறு சொல்லப்பட்ட உரிமையாளர்கள் சிலர் மனம் மாறியதும் உண்டு, மாறாததும் உண்டு. மாறியவர்களுடன் பழைய ஒப்பந்தத்தின் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது: இன்ன பெயருடைய, வாடகைதாரரின் உடன்பிறந்தாள், தன் குழந்தையுடன் இவ்வீட்டில் வசிப்பார் என்று. இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அப்பெண்ணின் பெயரைக் குடும்ப அட்டையிலும் குழந்தையின் பள்ளிப் பதிவிலும் அவ்வீட்டு முகவரியிலேயே சேர்க்க அந்த ஒரு வரி பின்னர்ப் பயன்படும்.